கேஓஐ-456.04: இரண்டாவது பூமியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறொரு விண்மீனைச் சுற்றும் பூமி போன்ற கோள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரே மாதிரியான சந்தேகங்கள் என் காதில் விழுகின்றன. படம் உண்மையா, தண்ணீர் இருக்கிறதா, போக முடியுமா, அறிவிப்புக்குப் பிறகு ஏன் பேச்சே காணோம் என்று கேட்பார்கள். அவற்றுக்கெல்லாம் ஒரே கோளை வைத்துப் பதில் சொன்னால் தெளிவாக இருக்கும் என்று தோன்றியது. அதற்காக நான் எடுத்துக்கொண்டது 2020-இல் அறிவிக்கப்பட்ட கேஓஐ-456.04. இது இன்னும் உறுதியாகாத கோள். அதனாலேயே இதை வைத்து நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில் வரும்.

இந்த கேஓஐ-456.04 அப்படின்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுமார் 378 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதாகக் கருதப்படும் ஒரு கோள். அந்த விண்மீனின் பெயர் கெப்ளர்-160. கோளின் ஆரம் பூமியைப் போல ஏறக்குறைய 1.9 மடங்கு. பூமிக்குச் சூரியனிடமிருந்து கிடைக்கும் ஒளியில் 93 சதவீத அளவு அதற்கு அதன் விண்மீனிடமிருந்து கிடைக்கிறது.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் சூரியக் குடும்ப ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரெனே ஹெல்லர் தலைமையிலான குழு 2020 ஜூன் மாதம் இதை அறிவித்தது. "கருதப்படும்" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் பாதி அதைப் பற்றியதுதான்.

பேரே வாயில நுழையலையே. நல்ல பேரா வைக்கக் கூடாதா?

கேஓஐ என்பது "கெப்ளர் தொலைநோக்கி கவனிக்க வேண்டிய பொருள்" என்பதன் ஆங்கிலச் சுருக்கம். கெப்ளர், வேறு விண்மீன்களின் கோள்களைத் தேட நாசா அனுப்பிய விண்வெளித் தொலைநோக்கி. 456 என்பது அந்தப் பட்டியலில் விண்மீனின் எண். .04 என்றால் அந்த விண்மீனில் பதிவான நான்காவது சமிக்ஞை. உறுதியானால் விண்மீனின் பெயரோடு ஓர் எழுத்து சேரும். கெப்ளர்-160 பி, சி, டி ஏற்கெனவே இருப்பதால் இதற்குக் கெப்ளர்-160 ஈ என்று பெயர் வர வாய்ப்பு அதிகம். அதுவரை எண்தான்.

எங்க இருக்கு அது? போக முடியுமா?

யாழ் விண்மீன் கூட்டத்தின் திசையில், சுமார் 3,140 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதே கூட்டத்தில் உள்ள வேகா, அதாவது அபிஜித், வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்களில் ஒன்று. அதை எளிதில் அடையாளம் காணலாம். கெப்ளர்-160 அப்படி இல்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிட அது ஆயிரம் மடங்குக்கும் மேல் மங்கல்.

போக முடியாது. 1977-இல் கிளம்பிய வாயேஜர்-1 வினாடிக்கு ஏறக்குறைய 17 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஓர் ஒளியாண்டைக் கடக்கவே 17,000 ஆண்டுக்கு மேல் ஆகும். கெப்ளர்-160 வரை என்றால் சுமார் ஐந்தரைக் கோடி ஆண்டு. "பூமி கெட்டுப்போனால் அங்கே குடிபோகலாம்" என்ற எண்ணத்தோடு இந்தச் செய்திகளைப் படிக்கிறவர்கள் பலர். அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். இந்தக் கோளைத் தேடியதற்குக் காரணம் வேறு.

செய்தியில போட்ட படத்துல கடல், மேகமெல்லாம் தெரிஞ்சுதே. அது போட்டோ இல்லையா?

இல்லை, ஓவியர் வரைந்தது. எந்தத் தொலைநோக்கியும் இந்தக் கோளைப் பார்த்ததில்லை. அதன் விண்மீனே மிகப் பெரிய தொலைநோக்கியில்கூட ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறது. கோளின் நிறம், மேகம், கடல், கரை எல்லாம் கற்பனை.

படம் வரைவதில் தப்பில்லை. ஆனால் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் "ஓவியரின் கற்பனை" என்ற குறிப்பு, படம் பகிரப்படும்போது காணாமல் போய்விடுகிறது. மக்கள் மனதில் நீலக் கடல் மட்டும் தங்கிவிடுகிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

பார்க்கவே இல்லைன்னா, கோள் இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க?

விண்மீனின் வெளிச்சம் குறைவதை வைத்து. கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே வரும்போது விண்மீனின் ஒளியில் ஒரு சின்னப் பங்கை மறைக்கிறது. இதைக் கடப்பு என்கிறோம். 2004-லும் 2012-லும் வெள்ளிக் கோள் சூரியனின் குறுக்கே கரும்புள்ளியாக நகர்ந்ததும் இதே நிகழ்வுதான். அப்போது புள்ளியைக் கண்ணால் பார்த்தோம். இங்கே புள்ளி தெரியாது, ஒளி குறைவது மட்டும் பதிவாகும்.

எவ்வளவு குறையும் என்று நீங்களே கணக்குப் போடலாம். சூரியனின் ஆரம் பூமியின் ஆரத்தைப் போல 109 மடங்கு. கெப்ளர்-160 சூரியனைவிட ஒரு பத்து சதவீதம் பெரியது, எனவே ஏறக்குறைய 120 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். கோள் 1.9. மறைக்கப்படும் பரப்பு (1.9/120)-இன் வர்க்கம், அதாவது பத்தாயிரத்தில் சுமார் இரண்டரைப் பங்கு. 100 சதவீதமாக இருந்த ஒளி 99.975 சதவீதமாகிறது. சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த தடவை அதே மாதிரி குறைவதற்கு 378 நாள் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் சரியாக அமைந்தால்தான் கடப்பே தெரியும். சூரியனைப் போன்ற விண்மீனைப் பூமியின் தூரத்தில் சுற்றும் கோளுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய 200-இல் ஒன்று. அதனால்தான் கெப்ளர் தொலைநோக்கி அன்னம், யாழ் கூட்டங்களின் பக்கம் ஒரே இடத்தில் பார்வையை நிறுத்தி, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விண்மீன்களை ஒரே நேரத்தில் கவனித்தது.

கெப்ளர் ரிப்பேராகி ரொம்ப நாள் ஆச்சே. 2020-ல எப்படிப் புதுசா கண்டுபிடிச்சாங்க?

2009 மார்ச்சில் ஏவப்பட்ட கெப்ளர், திசையை நிலைநிறுத்தும் சக்கரங்களில் இரண்டாவதும் பழுதானதால் 2013 மே மாதத்தில் அந்த வேலையை நிறுத்தியது. பிறகு வேறு விதமாகப் பயன்பட்டு, எரிபொருள் தீர்ந்து 2018-இல் ஓய்வு பெற்றது. ஆனால் நான்கு ஆண்டு சேகரித்த தரவு பொதுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாம்.

பழைய தேடல் முறைகள், ஒளி சட்டென்று இறங்கிச் சட்டென்று ஏறும் என்று எடுத்துக்கொண்டு பெட்டி வடிவப் பள்ளத்தைத் தேடின. நிஜத்தில் விண்மீனின் விளிம்பு அதன் நடுப்பகுதியைவிட மங்கலாக இருக்கும். அதனால் ஒளி மெதுவாக இறங்கி, வளைந்து, மெதுவாக ஏறும். ஜெர்மனியின் சோன்னபெர்க் வானாய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹிப்கேவும் ஹெல்லரும் 2019-இல் அந்த நிஜ வடிவத்தையே தேடும் ஒரு கணிமுறையை உருவாக்கினார்கள். சின்னக் கோள்கள் உண்டாக்கும் ஆழமில்லாத பள்ளங்களில் இந்த வடிவ வித்தியாசம் பெரிய உதவி. அதே ஆண்டு கெப்ளரின் பிற்காலத் தரவிலிருந்து பூமி அளவிலான 18 கோள்களை அவர்கள் குழு எடுத்துக் காட்டியது.

கெப்ளர்-160-ஐச் சுற்றி இரண்டு கோள்கள் இருப்பது 2014 முதலே தெரியும். பி 4 நாளுக்குச் சற்று அதிகமாக எடுத்து ஒரு சுற்று வருகிறது, சி சுமார் 14 நாளில் வருகிறது. இரண்டுமே விண்மீனுக்கு மிக அருகில் வெந்துகொண்டிருப்பவை. சி-யின் கடப்பு நேரங்கள் ஒழுங்காக இல்லாமல் கொஞ்சம் முன்பின் வருவது முன்பே தெரிந்திருந்தது. அதற்குக் காரணம் தேடிப் பழைய தரவை மறுபடி அலசியபோது, சி-யை இழுக்கும் டி என்ற கோள் கணக்கில் வெளிப்பட்டது. டி நம் பார்வைக் கோட்டில் கடப்பதே இல்லை. கூடவே 378 நாள் இடைவெளியில் ஒரு தனிச் சமிக்ஞையும் அகப்பட்டது. அதுதான் கேஓஐ-456.04.

சரி, இந்தக் கோளைப் பத்தி உறுதியா நமக்குத் தெரிஞ்சது எவ்வளவு?

இரண்டு எண்கள். எவ்வளவு ஒளியை மறைக்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மறைக்கிறது. அவ்வளவுதான்.

மற்றவை எல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவை. மறைக்கும் ஒளியின் அளவோடு விண்மீனின் ஆரத்தைச் சேர்த்தால் கோளின் ஆரம் வரும். இடைவெளியோடு விண்மீனின் நிறையைச் சேர்த்தால் தூரம் வரும். தூரத்தோடு விண்மீனின் பிரகாசத்தைச் சேர்த்தால் கோளுக்குக் கிடைக்கும் ஒளி வரும். விண்மீனைப் பற்றிய அளவீடு மாறினால் இவை எல்லாமே மாறும். கோளின் நிறை, அடர்த்தி, வளிமண்டலம், தண்ணீர் எதுவும் அளக்கப்படவில்லை. ஒருவருடைய செருப்பின் அளவும், அவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை தெருவைக் கடக்கிறார் என்பதும் மட்டும் தெரிந்தால் அவரைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியுமோ, அவ்வளவுதான் இந்தக் கோளைப் பற்றியும் சொல்ல முடியும்.

இந்த ஒரு பதிலை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள்.

"வாழத்தகு மண்டலத்துல இருக்கு"ன்னா உயிர் இருக்கலாம்னுதானே அர்த்தம்?

இல்லை. விண்மீனிலிருந்து இருக்கும் தூரத்தைப் பற்றிய ஒரு குறிப்பு, அவ்வளவே. பூமியைப் போன்ற காற்றும் அழுத்தமும் கொண்ட ஒரு கோளை அந்தத் தூரத்தில் வைத்தால், அதன் மேற்பரப்பில் தண்ணீர் திரவமாக நிற்க முடியும் என்று கணக்குச் சொல்கிறது. அந்தக் காற்று இருக்கிறதா என்று அது சொல்லவில்லை.

நல்ல உதாரணம் நம் சந்திரன். பூமிக்குக் கிடைக்கும் அதே வெயில் சந்திரனுக்கும் கிடைக்கிறது. தூரத்தை மட்டும் பார்த்தால் சந்திரன் வாழத்தகு மண்டலத்தின் நடுவிலேயே இருக்கிறது. ஆனால் காற்று இல்லை, கடல் இல்லை. வேறொரு விண்மீனிலிருந்து யாராவது நம்மை இதே முறையில் அளந்து, சூரியனிலிருந்து உள்ள தூரத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால், பூமியையும் சந்திரனையும் அவர்களால் வேறுபடுத்த முடியாது.

மறுபக்கமும் உண்டு. வியாழனின் யூரோப்பா, சனியின் என்செலடஸ் இரண்டும் இந்த மண்டலத்துக்கு வெகு தூரம் வெளியே இருக்கின்றன. ஆனாலும் அவற்றின் பனிப் பரப்புக்கு அடியில் திரவக் கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. ஆக, இந்த மண்டலம் எங்கே முதலில் தேடலாம் என்று காட்டும் வழிகாட்டி மட்டுமே.

சராசரி வெப்பம் 5 டிகிரின்னு போட்டிருந்தாங்களே? அது அளந்ததுதானே?

அதுவும் கணக்குதான். பூமியைப் போன்ற மிதமான பசுமையில்ல விளைவு இருக்கும் என்று வைத்துக்கொண்டால் சராசரி +5 டிகிரி செல்சியஸ் வரலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். பூமியின் சராசரி சுமார் 15. இதில் "வைத்துக்கொண்டால்" என்பதைச் செய்திகள் விட்டுவிட்டன.

காற்று எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு வெள்ளியைப் பாருங்கள். பூமியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வெயில் அதன்மேல் விழுகிறது. ஆனால் அதன் வெண்மையான மேகங்கள் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கடைசியில் வெள்ளி உள்வாங்கும் வெயில் பூமி உள்வாங்குவதைவிடக் குறைவு. இருந்தும் தரையில் 460 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. காரணம், பூமியைப் போல 90 மடங்குக்கும் மேல் அழுத்தம் கொண்ட கரியமிலவாயு. 93 சதவீத வெயில் என்பது மட்டும் தெரிந்த கோளில் வெப்பம் உறைநிலைக்குக் கீழேயும் இருக்கலாம், ஈயம் உருகும் அளவிலும் இருக்கலாம்.

பூமியைவிட ரெண்டு மடங்கு பெரிசுன்னா, நின்னா நசுங்கிடுவோமா?

நிற்பதற்குத் தரை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்தக் கோளைப் பற்றி எனக்கு உள்ள பெரிய சந்தேகமே இதுதான், செய்திகளில் அதிகம் பேசப்படாததும் இதுதான்.

ஆரம் 1.9 மடங்கு என்றால் கனஅளவு கிட்டத்தட்ட ஏழு மடங்கு. முழுக்கப் பாறையாக இருந்தால் பூமியைப் போல எட்டு முதல் பத்து மடங்கு நிறை இருக்கலாம். ஈர்ப்பு இரண்டரை மடங்கை ஒட்டி வரும். நடக்கச் சிரமம், ஆனால் நசுங்கமாட்டோம். பாறை இல்லை என்றால் கதையே வேறு. நிறையும் ஆரமும் இரண்டுமே அளக்கப்பட்ட பல கோள்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், பூமியைப் போல சுமார் 1.6 மடங்கு ஆரத்துக்கு மேல் போனாலே பெரும்பாலானவை வெறும் பாறையாக இருப்பதில்லை என்று 2015 வாக்கில் தெரியவந்தது. மேலே தடித்த ஹைட்ரஜன், ஹீலியம் போர்வை கொண்டவை, அல்லது தண்ணீர் பெரும்பங்காக உள்ளவை. 2017-இல் இன்னொன்றும் தெளிவானது. 1.5 மடங்குக்கும் 2 மடங்குக்கும் இடைப்பட்ட அளவில் கோள்களே குறைவு. அதற்குக் கீழே பாறைக் கூட்டம், மேலே வாயுப் போர்வைக் கூட்டம். கேஓஐ-456.04 இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தப் பள்ளத்தில், வாயுப் பக்கத்தை ஒட்டி நிற்கிறது.

எனவே இதைப் "பூமி போன்ற கோள்" என்பது எனக்குச் சம்மதம் இல்லை. "பூமி போன்ற பாதையில் சுற்றும், பூமியைவிடப் பெரிய கோள்" என்பது சரியாக இருக்கும். குட்டி நெப்டியூனாக, அதாவது தடித்த வாயுப் போர்வை கொண்ட கோளாக இருந்தால், பெரிய நிலாக்கள் ஏதாவது சுற்றிவந்தால்தான் உயிரைப் பற்றிப் பேச்சு.

ஒரு வருஷம் 378 நாள்னா, பகல் இரவும் நம்மள மாதிரிதானா?

தெரியாது. அந்த 378, பூமியின் நாள்களில் சொன்ன கணக்கு. கோள் தன்னைத்தானே சுற்றும் நேரத்தையும் அச்சின் சாய்வையும் கடப்பு காட்டாது. வெள்ளி ஒருமுறை தன்னைச் சுற்ற 243 பூமி நாள் ஆகிறது, வியாழனுக்குப் பத்து மணி நேரம்கூட ஆவதில்லை. இரண்டில் எதுவும் இருக்கலாம்.

பிராக்சிமா பி நாலு ஒளியாண்டுலயே இருக்கே. 3,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறதுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்?

விண்மீனுக்காக. பிராக்சிமா பி (2016), டிராப்பிஸ்ட்-1 குடும்பத்தின் ஏழு கோள்கள் (2017), டிஓஐ-700 டி (2020) என்று பேசப்படும் பெயர்கள் எல்லாம் சிவப்புக் குள்ள விண்மீன்களைச் சுற்றுகின்றன. அவை சின்ன விண்மீன்கள், வெளிச்சம் குறைவு. அதனால் வாழத்தகு மண்டலம் விண்மீனை ஒட்டியே அமைகிறது. பிராக்சிமா பி-யின் ஆண்டு 11 நாள்தான். இவ்வளவு நெருக்கத்தில் ஒரே பக்கம் எப்போதும் விண்மீனைப் பார்த்தபடி கோள் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். சிவப்புக் குள்ளர்களில் பல, சிறு வயதில் கடுமையான சீற்றங்களை வீசி அருகில் உள்ள கோள்களின் காற்றை அரித்துவிடக்கூடும். டிராப்பிஸ்ட்-1 பி-யில் தடித்த வளிமண்டலம் இல்லை என்பதை 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டியது. அது மிக உள்ளே இருக்கும் கோள். வெளியே உள்ளவற்றின் நிலை வேறாக இருக்கலாம்.

கெப்ளர்-160 அப்படி இல்லை. மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,200 டிகிரி செல்சியஸ், சூரியனைவிட 300 டிகிரி குறைவு. மொத்தப் பிரகாசம் கிட்டத்தட்ட சூரியனுக்குச் சமம். சிவப்புக் குள்ளர்களின் ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கெப்ளர்-160-இன் ஒளியோ நாம் பகலில் பார்க்கும் ஒளி மாதிரியானது. உயிர் தோன்றியதாக நமக்குத் தெரிந்த ஒரே இடம் இப்படிப்பட்ட விண்மீனின் அருகில், ஏறக்குறைய இந்தத் தூரத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கோள்களில் இந்த இரண்டும் ஒன்றாக அமைந்தவை மிகச் சில. அந்த அரிய சேர்க்கைக்காகத்தான் ஆர்வம்.

85 சதவீதம் உறுதின்னு சொன்னாங்களே. அது போதாதா?

அறிவித்தவர்களே 85 என்றுதான் சொன்னார்கள், அந்த நேர்மையை மதிக்கிறேன். கோள் என்று முறையாக ஏற்க 99 சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்பது இந்தத் துறையின் வழக்கம்.

ஏன் இவ்வளவு கறார்? கெப்ளர் ஒன்றரை லட்சம் விண்மீன்களைப் பார்த்தது. இத்தனை விண்மீன்களில் தற்செயலாக மூன்று ஒளிக்குறைவுகள் சம இடைவெளியில் விழுவது ஓரிரண்டில் நடந்தே தீரும். அப்புறம், பின்னணியில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள் இருந்தாலும் கோள் மாதிரியே தெரியும். ஏற்கெனவே கோள்கள் இருப்பது உறுதியான விண்மீனில் கிடைக்கும் புதுச் சமிக்ஞை உண்மையாக இருக்க வாய்ப்பு கூடுதல். அது கெப்ளர்-160-க்குச் சாதகம். பாதகம் என்னவென்றால், நான்கு ஆண்டுத் தரவில் 378 நாள் கோளுக்கு மூன்று அல்லது நான்கு கடப்புக்கு மேல் இடமே இல்லை. பி கோளுக்கு நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

378 நாள்ங்கிறது ஏன் சந்தேகத்துக்குரியதுன்னு சிலர் சொல்றாங்க?

நல்ல கேள்வி, கொஞ்சம் நுட்பமானது. கெப்ளர் பூமியைச் சுற்றவில்லை. பூமிக்குப் பின்னால் சூரியனைச் சுற்றியது. அதற்கு ஒரு சுற்று சுமார் 372 நாள். சூரிய மின்தகடுகள் வெயிலைப் பார்த்தே இருப்பதற்காக, ஒரு சுற்றில் நான்கு முறை தன்னை 90 டிகிரி திருப்பிக்கொண்டது. அதனால் ஒரே விண்மீனின் ஒளி நான்கு வெவ்வேறு உணரிகளில் மாறி மாறி விழுந்து, 372 நாள் கழித்து மறுபடி அதே உணரிக்கு வந்தது.

அந்த உணரிகளில் சில மோசமானவை. வெப்பநிலை மாறும்போது மின்னணு இரைச்சல் எழுந்தது. மோசமான உணரியில் விண்மீன் விழும் ஒவ்வொரு முறையும் ஒளி குறைந்த மாதிரி பதிவானால், சுமார் 372 நாள் இடைவெளியில் ஒரு போலிக் கோள் உருவாகிவிடும். கெப்ளர் தரவில் இந்த இடைவெளியை ஒட்டிப் போலிகள் குவிந்துகிடக்கின்றன. பூமி போன்ற பாதையில் சுற்றும் நிஜக் கோள்களும் இதே இடத்தில்தான் வந்து விழும். தேடும் பொருளும் கருவியின் குறையும் ஒரே எண்ணில் போய் முட்டிக்கொள்கின்றன. முந்தைய பதிலில் சொன்ன மீதி 15 சதவீதத்தில், கருவிக் கோளாறாக இருக்கலாம் என்ற இந்தச் சந்தேகமும் சேர்ந்திருக்கிறது.

2015-ல கெப்ளர்-452பி-ய "பூமியோட அண்ணன்"னு கொண்டாடினாங்களே. அதுக்கும் இந்தப் பிரச்சினை உண்டா?

உண்டு. 2015 ஜூலையில் நாசா அறிவித்த அந்தக் கோளின் ஆண்டு 385 நாள், ஆரம் பூமியைப் போல 1.6 மடங்கு. புள்ளிவிவர முறையில் அது அப்போதே உறுதிசெய்யப்பட்டது. 2018-இல் இன்னொரு ஆய்வுக் குழு, மேலே சொன்ன கருவி இரைச்சலைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 99 சதவீத உறுதி வராது என்று காட்டியது. கோள் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை, அந்தத் தரவு மட்டும் போதாது என்றார்கள். கேஓஐ-456.04-ஐ அறிவித்தவர்கள் ஆரம்பத்திலேயே 85 என்று நிறுத்திக்கொண்டதை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிய அங்க திருப்பினா எல்லாம் தெரிஞ்சிடுமே?

ஆண்டுக்கு ஒரு கடப்பு. மொத்தமே பத்தாயிரத்தில் இரண்டரைப் பங்கு ஒளிக்குறைவு. அதில் வளிமண்டலத்தின் மெல்லிய வளையத்தால் வருவது, பூமி போன்ற காற்றாக இருந்தால், நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. விண்மீனும் மங்கல். இத்தனையும் சேர்ந்தால் வெப்புக்குக்கூட எட்டாது. நிறையை அளப்பதும் கடினம். பூமி தன் ஈர்ப்பால் சூரியனை வினாடிக்கு வெறும் 9 செ.மீ. வேகத்தில்தான் அசைக்கிறது. கேஓஐ-456.04 பத்து மடங்கு கனமாக இருந்தாலும் வினாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டாது. இவ்வளவு மங்கலான விண்மீனில் அதை இன்றைய கருவிகளால் பிடிக்க முடியாது.

வெப் இப்போது பார்ப்பது அருகில் உள்ள, சின்ன விண்மீன்களைச் சுற்றும் கோள்களை. 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18 பி-யில் மீத்தேனும் கரியமிலவாயுவும் இருப்பதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஒரு சேர்மத்தின் தடயமும் இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் குழு சொன்னது. மற்ற குழுக்கள் அதே தரவை ஆராய்ந்து அந்த முடிவை ஏற்க மறுத்திருக்கின்றன. அவ்வளவு வசதியான இலக்கிலேயே இத்தனை விவாதம்.

அப்ப எப்பதான் உறுதியாகும்?

இன்னொரு கடப்பைக் குறித்த நேரத்தில் பார்த்துவிட்டால் பெரிய முன்னேற்றம். பெரிய தொலைநோக்கிக்கு அது சாத்தியம். ஆனால் பழைய தரவிலிருந்து முன்னோக்கிக் கணக்கிடும்போது நேரத்தில் உள்ள சின்னப் பிழை சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும். தாமதிக்கத் தாமதிக்க, எந்த இரவில் காத்திருப்பது என்பதே சிக்கலாகிவிடும்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளேட்டோ விண்கலம் 26 கேமராக்களோடு இதே மாதிரிக் கோள்களைத் தேடவே கட்டப்பட்டது. ஆனால் அது முதலில் நீண்ட காலம் பார்க்கப்போகும் பகுதி தென்வானத்தில் இருக்கிறது. யாழ் விண்மீன் கூட்டம் வடவானத்தில். ஆகவே பிளேட்டோ போன உடனே கெப்ளர்-160-க்கு விடை கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

யாராவது அங்க இருந்து சிக்னல் அனுப்புறாங்களான்னு கேட்டுப் பார்த்தாங்களா?

பார்த்தார்கள். அறிவிப்பு வந்த 2020-லேயே, வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞைகளைத் தேடும் பிரேக்த்ரூ லிசன் திட்டத்தினர் அமெரிக்காவின் கிரீன் பாங்க் ரேடியோ தொலைநோக்கியைக் கெப்ளர்-160-ஐ நோக்கித் திருப்பினார்கள். செயற்கையானது என்று சொல்லத்தக்க சமிக்ஞை எதுவும் அகப்படவில்லை. 3,140 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து நமக்குக் கேட்க வேண்டும் என்றால் மிக வலுவான ஒலிபரப்பாக இருக்க வேண்டும். அதனால் "யாரும் இல்லை" என்ற முடிவுக்கு இது போதாது.

ஒளி வரவே 3,000 வருஷம் ஆகுதே. இப்ப அந்தக் கோள் இருக்குமா?

நிஜக் கோளாக இருந்தால் இருக்கும். விண்மீன்களும் கோள்களும் பல நூறு கோடி ஆண்டு நிலைப்பவை. அந்தக் கணக்கில் 3,000 ஆண்டு ஒன்றுமே இல்லை.

நாளைக்கே இது போலின்னு தெரிஞ்சா, இத்தனை வருஷ உழைப்பும் வீண்தானே?

இல்லை. சூரியனைப் போன்ற விண்மீன்களில் எத்தனைக்கு வாழத்தகு மண்டலத்தில் ஒரு பாறைக் கோள் இருக்கிறது என்பது இந்தத் துறையின் பெரிய கேள்வி. கெப்ளர் ஏவப்பட்டதே அதற்காகத்தான். 2020-இல் வந்த ஒரு விரிவான மதிப்பீடு, பூமியைப் போல அரை மடங்கு முதல் ஒன்றரை மடங்கு வரை ஆரம் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு விண்மீனுக்குச் சராசரியாக 0.37 முதல் 0.60 கோள் வரை இருக்கலாம் என்றது. பிழை வரம்புகளைச் சேர்த்தால் அந்த இடைவெளி இன்னும் அகலம். காரணம், சூரியனைப் போன்ற விண்மீன்களில் பூமியின் பாதையை ஒத்த பாதையில் கிடைத்தவை மிகக் குறைவு, கிடைத்த ஒவ்வொன்றின் மேலும் 372 நாள் சந்தேகம் விழுகிறது.

கேஓஐ-456.04 அந்த 1.5 மடங்கு எல்லைக்கு வெளியே இருப்பதால் அந்த எண்ணில் நேரடியாகச் சேராது. ஆனால் இதைப் போன்ற சமிக்ஞைகளில் எத்தனை நிஜம், எத்தனை போலி என்ற விகிதம் தெரிந்தால், பட்டியலில் உள்ள மற்றவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். இது போலி என்று நிரூபணமானாலும் அந்த விகிதம் துல்லியமாகும். அடுத்து அருகில் உள்ள சூரியன் போன்ற விண்மீன்களைச் சுற்றும் கோள்களை நேரடியாகப் படமெடுக்க நாசா திட்டமிடும் பெரிய தொலைநோக்கி எத்தனை விண்மீன்களைப் பார்க்க வேண்டும், அதற்கு எவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானமாகும்.